தொழில் வரும்படியும் தற்செயல் வரும்படியும்

வருமான வரி என்பது தனவந்தர்களின் தலைவலி என்று நமது ஜனங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி, வேலப்பன்சாவடிக்கு அடுத்தாற்போல் உள்ள நூம்பலில் இன்று மின்சார வேலை செய்பவரும், தையற்கடை வைத்திருப்பவரும், வாடகைக் கார் ஓட்டுபவரும் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். வீடு கட்டக் கடன் கேட்டால், சில வருஷத்துக் கணக்கைக் கொண்டு வா என்று பாங்கியில் சொல்கிறார்கள். வண்டிக் கடனுக்குப் போனாலும் இதே பல்லவிதான். வரி செலுத்த வேண்டியிருக்கிறதோ இல்லையோ, கணக்குக் காட்டவேண்டிய அவசியம் சாமானியனுக்கும் வந்துவிட்டது.

இவ்வாறு கணக்குக் காட்டுகிறவர்களில் பலர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. தமது தொழிலில் வந்த வருமானத்தையும், வருஷத்தில் எப்பொழுதோ ஒரு தடவை தற்செயலாகக் கைக்கு வந்த வரும்படியையும் ஒன்றாகக் கலந்து ஒரே கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அல்லது பின்னதை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு. இத்தவறுக்குப் பாதிக் காரணம் ஜனங்களின் அசிரத்தை. மறுபாதிக்குச் சர்க்காரே பொறுப்பாளி என்பது நமது அபிப்பிராயம். இரண்டையும் பற்றி இன்று சிறிது விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

சட்டம் வருமானத்தை ஐந்து தலைப்புகளில் அடக்குகிறது. சம்பளம், வீட்டுச் சொத்தின் வருமானம், வியாபாரம் அல்லது தொழிலின் லாபம், மூலதன லாபம், இதர வழிகளில் வரும் வருமானம் என்பவை அவை. 1961ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்த இந்தப் பாகுபாடு, 2026 ஏப்ரல் 1ந் தேதி முதல் அமலுக்கு வருமாறு இயற்றப்பெற்ற 2025ஆம் வருஷத்துச் சட்டத்திலும் மாறவில்லை. முதல் நான்கு தலைப்புகளிலும் அடங்காதது எதுவோ அது ஐந்தாவதில் போய்ச் சேரும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது எங்கே முடிகிறது, ஐந்தாவது எங்கே ஆரம்பமாகிறது என்று வரையறுத்துச் சொல்லும் வாக்கியம் எதுவும் சட்டத்தில் கிடையாது. சட்டம் படித்தவர்களுக்கே மயக்கம் தரும் எல்லை இது. கையில் ஸ்குரூ டிரைவருடன் ஏணிமேல் நிற்கும் மனிதன் இதை எப்படி அறிவான்?

ஓர் உதாரணம் கொள்வோம். நூம்பலில் மின்சார வேலை செய்யும் ஒருவர் வருஷத்தில் 9 லட்ச ரூபாய் வரவு பார்க்கிறார். செலவுக் கணக்கை நாள்தோறும் எழுதிவைக்க அவருக்கு நேரமுமில்லை, குமாஸ்தாவுமில்லை. இப்படிப்பட்டவருக்காகச் சட்டம் ஒரு சலுகை செய்திருக்கிறது. 2 கோடி ரூபாய் வரை வரவுள்ள சிறு வியாபாரி கணக்குப் புத்தகம் வைக்கவேண்டுவதில்லை. ரொக்கமாக வந்த வரவில் நூற்றுக்கு 8, பாங்கி மூலமோ செல்போன் மூலமோ வந்த வரவில் நூற்றுக்கு 6 என்ற வீதத்திற்குக் குறையாமல் லாபம் காட்டினால் அதிகாரி மேற்கொண்டு கேட்கமாட்டார். நல்ல ஏற்பாடுதான்.

இப்பொழுது வீட்டுமனைக் கம்பெனி ஒன்று மனை விற்க ஆள் தேடுகிறது. நம் மின்சாரக்காரர் தமக்கு வேலை கொடுத்த வீட்டுக்காரர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டுகிறார். கிரயம் முடிகிறது. கம்பெனி அவருக்கு 40,000 ரூபாய் கொடுக்கிறது. கமிஷன் என்ற பெயரில் நூற்றுக்கு 2 வீதம் 800 ரூபாயை முன்னதாகவே பிடித்து, அவருடைய பான் எண்ணில் கட்டிவிட்டு, மிச்சம் 39,200ஐத் தருகிறது. அதே வருஷத்தில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கு ஒரு நாள் செய்முறை காட்டியதற்கு 3,000 ரூபாய் சன்மானம் வருகிறது. பாங்கியில் போட்ட பணத்துக்கு வட்டியும் உண்டு.

வட்டியில் சந்தேகமில்லை, அது இதர வருமானம். 40,000 ரூபாய் எங்கே போகும்? "எல்லாம் என் உழைப்பில் வந்ததுதானே" என்று அவர் அதைத் தொழில் வரவோடு சேர்த்து, நூற்றுக்கு 6 வீதம் கணக்கிட்டால், 40,000த்தில் 2,400 மட்டுமே லாபமென்று ஆகிறது. மீதி 37,600 எங்கே செலவாயிற்று? ஒயர் வாங்கினாரா, ஸ்விட்ச் வாங்கினாரா? ஒன்றுமில்லை. ஒரு பகல் மோட்டார் சைக்கிளில் போய் வந்தார்; அவ்வளவே. சலுகைக்காகப் போட்ட வீதத்தை அதற்குச் சம்பந்தமில்லாத பணத்தின்மீது பூசுவது சரியன்று. இதைவிடப் பெரிய அபாயமும் இருக்கிறது. தரகு, கமிஷன் தன்மையுள்ள வருமானம் சம்பாதிப்பவருக்கு மேற்படி சலுகை பொருந்தாதென்று அதே ஷரத்து சொல்கிறது. இந்த 40,000த்தைத் தொழில் வரவென்று அவரே எழுதிக் கொடுத்துவிட்டால், சொல்லுக்குச் சொல் பிடித்துப் பார்க்கும் அதிகாரியிடம் அகப்பட்டபின் 9 லட்சத்துக்கும் கணக்குப் புத்தகம் எங்கே என்ற கேள்வி வரலாம். பத்து நிமிஷ அசிரத்தை வருஷ முழுவதுமான தொழிலை வம்பில் மாட்டிவைக்கும்.

அவர் செய்யவேண்டியது இதுதான். அந்த 40,000த்தை இதர வருமானம் என்ற தலைப்பில் தனியே எழுதவேண்டும். அதைச் சம்பாதிப்பதற்கென்றே செய்த செலவு இருந்தால், ரசீதோடு அதைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுக்கிறது. முன்னதாகப் பிடிக்கப்பட்ட 800 ரூபாயை வரியில் ஈடுசெய்துகொள்ளலாம். வரியே இல்லையென்றால் திரும்பப் பெறலாம். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் இதேபோல் ஆள் சேர்த்துக் கொடுத்துப் பணம் வாங்கினாரானால், அப்பொழுது அவர் மின்சாரக்காரர் மட்டுமல்லர், தரகர். அந்தத் தரகு இரண்டாவது தொழிலாகிவிடும். அதற்குரிய கணக்கை அப்படியே காட்டத்தான் வேண்டும்.

எழுதாமல் விட்டால் என்ன என்று கேட்பார் உண்டு. வரி இலாகா 2021 முதல் ஒவ்வொரு பான் எண்ணுக்கும் வருடாந்தரத் தகவல் அறிக்கை ஒன்றைத் தயாரித்து வைக்கிறது. பிடித்துக் கட்டிய 800 ரூபாய் அதில் இருக்கும், வட்டி இருக்கும். அவர் மறந்தாலும் அது மறக்காது. அதில் ஒன்றும், அவர் தாக்கல் செய்த கணக்கில் வேறொன்றுமாக இருந்தால் நோட்டீஸ் வரும். ஒளிப்பது அதர்மம் என்பது ஒருபுறமிருக்க, இன்றைய நிலையில் அது பலிக்காத காரியமுமாகும்.

இதே சங்கடம் சம்பளக்காரருக்கு வேறொரு ரூபத்தில் வருகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவர், வருஷத்தில் ஒரு தடவை எங்கோ பரீட்சைத் தாள் திருத்திக் கொடுத்துச் சில ஆயிரம் பெறுகிறார். அதைத் தொழில் வருமானமென்று எழுதினால், சம்பளக்காரருக்குரிய எளிய பாரம் அவருக்கு உதவாது. அதோடு போகவில்லை. தொழில் வருமானம் இல்லாதவர், பழைய வரிமுறை, புதிய வரிமுறை இரண்டில் எது அனுகூலமோ அதை வருஷந்தோறும் தேர்ந்துகொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவருக்கோ, பழைய முறையைத் தேர்ந்து பின்பு புதியதற்குத் திரும்பினால், மறுபடி பழையதற்குப் போக வழியில்லை. சில ஆயிரம் ரூபாயைத் தவறான கட்டத்தில் எழுதியதற்காக இந்தச் சுதந்திரத்தை ஏன் இழக்கவேண்டும்?

நிற்க. எது தொழில், எது தற்செயல் என்பதை நியாயஸ்தலங்கள் எப்படித் தீர்த்திருக்கின்றன என்று பார்ப்பது உபயோகமாக இருக்கும். நமது நாட்டிலேயே, நமக்கு அருகிலேயே நடந்த மூன்று வழக்குகள் இருக்கின்றன.

கோயம்புத்தூர் ஜனார்தன மில்லின் மானேஜிங் ஏஜெண்டுகளாயிருந்த ஜி. வெங்கடசாமி நாயுடு கம்பெனியார், மில்லை அடுத்த நான்கு துண்டு நிலங்களை 1941, 1942ஆம் வருஷங்களில் சுமார் 8,700 ரூபாய்க்கு வாங்கி, 1947ல் அதே மில்லுக்கு 52,600 ரூபாய்க்கு விற்றார்கள். நிலம் வாங்கி விற்பது எங்கள் தொழிலன்று, இது ஒரே ஒரு தடவை நடந்தது என்றார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1958ல் அதை ஒப்பவில்லை. பயிர் செய்யும் எண்ணமில்லை. வைத்திருந்து அனுபவிக்கும் எண்ணமுமில்லை. மில்லுக்கு விற்று லாபம் காண்பதே முதலிலிருந்து நோக்கம். ஆகையால் ஒரே தடவையானாலும் அது வியாபாரத் தன்மையுள்ள முயற்சியே என்று தீர்ப்பாயிற்று. ஒரு தடவை என்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றாதென்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது வழக்கு விசித்திரமானது. திருவாங்கூரில் போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பி. கிருஷ்ண மேனன் என்பார் வேதாந்தம் போதித்துவந்தார். கூலி கேட்டவரல்லர்; லாபம் கருதியவரும் அல்லர். லண்டனிலிருந்து வந்து அவரிடம் பாடங்கேட்ட லெவி என்ற சீடர் பெருந்தொகைகளை அவருக்குக் கொடுத்தார். இது அன்பளிப்பா, வருமானமா? போதிப்பது ஒரு விருத்தி. அந்தப் போதனை இல்லாவிட்டால் இந்தப் பணம் வந்திராது. ஆகவே இது அவ்விருத்தியின் வருமானம், தற்செயல் வரவன்று என்று அதே கோர்ட்டு தீர்ப்பளித்தது. வேதாந்தமும் வரிக்கு உட்பட்டதுதான் என்று அன்று சிலர் சிரித்திருக்கக்கூடும். ஆயினும் தீர்ப்பின் அடிப்படை உறுதியானது. பணம் கேட்டுப் பெற்றதா என்பது முக்கியமன்று. அது எந்தக் காரியத்தினின்று விளைந்தது என்பதே முக்கியம்.

மூன்றாவது, மறுபடியும் கோயம்புத்தூர்க்காரருடையது. சம்பளமும் வியாபார வருமானமும் உடைய ஜி. ஆர். கார்த்திகேயன் என்பவர், அகில இந்திய நெடுஞ்சாலை மோட்டார் ராலியில் முதற்பரிசாக மொத்தம் 22,000 ரூபாய் பெற்றார். இது வருமானமே அன்று என்று சென்னை ஹைகோர்ட்டு கூறியது. சுப்ரீம் கோர்ட்டு 1993ல் அதை மாற்றிவிட்டது. பந்தயம், லாட்டரி என்று சட்டம் பெயர் சொல்லிக் குறித்தவற்றில் அது அடங்காவிட்டாலும், வருமானம் என்ற சொல்லின் விரிந்த பொருளில் அடங்குமென்பது தீர்ப்பு. பரிசு பெற்றது ஒரு நாள். அதற்கு வரி உண்டா என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறக்குறைய 20 வருஷம்! வக்கீல்களுக்கு இதனால் நஷ்டமில்லை. மற்றவர்களுக்கு?

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சாமானியனுக்கும் ஒரு வழி புலப்படும். லாபத்துக்கென்று திட்டமிட்டுச் செய்தாயா, மீண்டும் மீண்டும் செய்கிறாயா, உன் தொழிலின் தொடர்பாகவே வந்ததா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும். ஆம் என்றால் தொழில். இல்லையென்றால் இதர வருமானம். கல்லூரிச் சன்மானம் 3,000 ரூபாய் இந்தச் சோதனையில் நடுவே நிற்கிறது. அவருடைய தொழில் அறிவுக்காகத்தான் அழைத்தார்கள். ஆனாலும் ஒரு நாள்தான். ஒரு தடவையோடு நின்றால் இதர வருமானத்தில் எழுதுவதும், வருஷந்தோறும் வகுப்பெடுக்கத் தொடங்கினால் தொழிலில் சேர்ப்பதும் நியாயமென்று நாம் கருதுகிறோம். எதுவானாலும், என்ன காரணத்தால் அவ்வாறு எழுதினோமென்று ஒரு காகிதத்தில் குறித்து, ரசீதோடு வைத்துக்கொள்வது நல்லது.

ஜனங்கள் பக்கம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம். இனி சர்க்கார் பக்கம்.

இந்நாட்டில் வருமான வரியைக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வில்சன். 1857ஆம் வருஷத்துப் புரட்சியை அடக்கிய செலவினால் ஏறிய கடனைத் தீர்க்க, 1860ல் அவர் இவ்வரியை விதித்தார். அப்பொழுது சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவெலியன் இதைப் பகிரங்கமாக எதிர்த்துத் தமது ஆட்சேபத்தைப் பத்திரிகைகளிலும் வெளியிட்டார்; அதற்காகவே திரும்ப அழைக்கப்பட்டார். வெள்ளைக்காரக் கவர்னருக்கே பொறுக்கவில்லை என்றால் வரியின் இலட்சணத்தை ஊகிக்கலாம். ஆனால் நாம் இங்கே கவனிக்க விரும்புவது பின்னால் நடந்ததை. அந்நிய சர்க்கார் இயற்றிய 1922ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. தொழிலினின்றோ விருத்தியினின்றோ வராமல், தற்செயலாகவும் மறுபடி வராததாகவும் உள்ள வரவுக்கு வரி கிடையாது. எஜமானனிடமிருந்து வேலைக்காரன் பெறும் மேற்சம்பளத்துக்கு இந்த விலக்கு இல்லை, அதுவும் நியாயமே.

சுதந்திர இந்தியாவின் 1961ஆம் வருஷத்துச் சட்டமும் முதலில் இதைக் காப்பாற்றியது. பிறகுதான் தேய்மானம் ஆரம்பித்தது. 1972ல் விலக்கு 1,000 ரூபாயோடு நிறுத்தப்பட்டது. 1986ஆம் வருஷத்து நிதிச் சட்டம் அதை 5,000 ஆக்கியது. 2002ஆம் வருஷத்து நிதிச் சட்டம் விலக்கையே அடியோடு எடுத்துவிட்டது. அந்நியன் விட்டுவைத்ததை நமது பார்லிமெண்ட் பறித்துக்கொண்டது என்று எழுத நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் நடந்தது அதுதான். லாட்டரியிலும் குதிரைப் பந்தயத்திலும் லட்சக்கணக்கில் வருவதற்கு வரி போடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அதற்குத் தனியே நூற்றுக்கு 30 வீதம் உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்கே தடையுண்டு. சூதாடியையும், ஒரு நாள் வகுப்பெடுத்து 3,000 ரூபாய் வாங்கியவனையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கித் தள்ளியதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

இதிலுள்ள முரண்பாட்டையும் பாருங்கள். உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒருவன் வருஷத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மிகாமல் அன்பளிப்பாக வாங்கினால், அதற்கு ஒரு காசு வரியில்லை. இது இன்றைய சட்டம். உட்கார்ந்த இடத்தில் 50,000 வாங்குகிறவனுக்கு விலக்கு. தன் அறிவையோ உழைப்பையோ ஒரு நாள் கொடுத்து 5,000 வாங்குகிறவனுக்கு முதல் ரூபாயிலிருந்து கணக்கு! இது எந்தத் தராசு?

2025-26ஆம் கணக்காண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்ச ரூபாய் வரை வருமானமுள்ளவருக்கு வரியே வராதபடி கழிவு தரப்படுகிறதே, இன்னும் ஏன் முறையீடு என்று கேட்கலாம். வரி வராது என்பது உண்மை. ஆனால் 4 லட்ச ரூபாய்க்கு மேல் வருமானமிருந்தால் கணக்குத் தாக்கல் செய்தே தீரவேண்டும். தாக்கல் செய்தால் தலைப்பு பிரித்தே தீரவேண்டும். பிரிப்பது தவறினால் வரக்கூடிய நோட்டீஸ் வரி உண்டா இல்லையா என்று பார்த்து வருவதில்லை. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கோ இந்த 12 லட்சக் கழிவும் கிடையாது.

மற்ற நாடுகளிலும் இந்தப் பாகுபாடு இருக்கவே செய்கிறது. அமெரிக்காவில் தொழில் வருமானத்தின்மீது வருமான வரிக்கு மேல் நூற்றுக்கு 15.3 வீதம் சுயதொழில் வரி வேறு விழுகிறது. நிகர வருமானம் 400 டாலரை எட்டினாலே அது பிடிக்கும். எனவே தற்செயல் வரவைத் தனியே காட்டுவதில் அங்குள்ளவர்கள் வெகு ஜாக்கிரதை. நமக்கு வரிச் சட்டத்தைக் கற்றுக்கொடுத்த இங்கிலாந்திலோ, 2017 ஏப்ரல் முதல், சிறு வியாபாரத்தாலும் எப்பொழுதாவது செய்யும் சில்லறை வேலைகளாலும் வரும் முதல் 1,000 பவுனுக்கு வரியில்லை. நம்மிடம் இருந்ததை நாம் எடுத்தெறிந்த பின்பு அவர்கள் புதிதாக ஏற்படுத்திக்கொண்டது அது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. பணம் கொடுக்கும் கம்பெனியோ கல்லூரியோ வரி பிடிக்கும்பொழுது, இது வாடிக்கையான தொழிலுக்கா, ஒரு தடவைச் சேவைக்கா என்று வாங்குகிறவரைக் கேட்டுக் குறிக்க ஒரு கட்டம் வேண்டும். இன்று கொடுக்கிறவர் தம் சௌகரியப்படி 'கமிஷன்' என்றும் 'தொழில்முறைக் கட்டணம்' என்றும் எழுதிவிடுகிறார். பதில் சொல்லவேண்டியவரோ வாங்கினவர். இரண்டாவது, தொழிலுக்கும் இதர வருமானத்துக்கும் உள்ள எல்லையை, மின்சாரக்காரருக்கும் தையற்காரருக்கும் விளங்கும்படியான உதாரணங்களோடு நேர்முக வரிகள் போர்டார் ஒரு சுற்றறிக்கையாகத் தமிழிலும் மற்றத் தேச பாஷைகளிலும் வெளியிடவேண்டும். கோர்ட்டுத் தீர்ப்புகளைப் படித்து எல்லை கண்டுபிடிப்பது பிரஜையின் வேலையன்று.

மூன்றாவது, தற்செயல் வரவுக்கான விலக்கை மறுபடி கொண்டுவருவது. அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே இந்த வட்டாரத்துப் பார்லிமெண்ட் அங்கத்தினர்களும், சிறு வியாபாரிகளின் சங்கங்களும் நிதி மந்திரிக்கு இதை எழுதவேண்டும். சூதுக்கும் லாட்டரிக்கும் இந்த விலக்கு வேண்டாம். ஒருவர் தமது வாடிக்கைத் தொழிலுக்குப் புறம்பாக உழைத்துப் பெற்ற தொகைக்கு மட்டும் போதும். அளவு வருஷத்துக்கு 50,000 ரூபாய் என்று வைக்கலாம். அது நாம் கற்பனை செய்த எண்ணன்று. அன்பளிப்பு வாங்குகிறவனுக்கு நிதி மந்திரியின் சட்டமே எழுதிவைத்திருக்கும் எண்.